ஆட்டத்தின் நடுவே அணைந்த கணினி: டர்பனிலிருந்து ஓர் அனுபவம்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் 2021 டிசம்பரில் வாங்கிய விளையாட்டுக் கணினி, முதல் ஒன்றரை ஆண்டுகள் ஒரு குறையும் சொல்ல இடம் தராமல் ஓடியது. 2023 ஜூனில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எந்த எச்சரிக்கையும் இன்றி அணையத் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, மிகக் கடுமையாக இருந்த ஆண்டு அது. திரை இருண்டால் டார்ச்சைத் தேடுவதே எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது. "மாமா, விளக்கு எரிகிறதே, பெட்டி மட்டும்தானே அணைந்தது?" என்று அக்காள் மகன் கேட்ட பிறகே கோளாறு வீட்டுக்குள் இருப்பது எனக்கு உறைத்தது.

அதற்கு முந்தைய மாதம்தான், திரைக்காட்சிகளை உருவாக்கும் பழைய கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு, 320 வாட் இழுக்கும் கார்டு ஒன்றைப் பொருத்தியிருந்தேன். கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பழைய 650 வாட்தான். இரண்டையும் இணைத்துப் பார்க்காமல், மின்வெட்டு முடிந்து திரும்பத் திரும்ப வரும் மின்சாரம் எதையோ கெடுத்துவிட்டது என்ற எண்ணத்திலேயே ஒரு மாதம் போய்விட்டது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் விண்டோஸை மீண்டும் நிறுவி, ரேமையும் மாற்றச் சொன்னார்கள். முதலாவதைச் செய்தேன், பலனில்லை. இரண்டாவதற்குப் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ஒவ்வொரு முறையும் முறைப்படி அணைக்கப்படாமல் கணினி நின்றதைச் சொல்லும் கெர்னல் பவர் 41 என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. அதில் பிழைக் குறியீடு 0. விண்டோஸ் பிழையில் சிக்கும்போது காட்டும் நீலத்திரை வந்து நின்றிருந்தால் அங்கே வேறு எண் பதிவாகியிருக்கும். பூஜ்யம் என்றால், என்ன நடந்தது என்று எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். சூடு காரணமாக இருக்குமோ என்று, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை நொடிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் கோப்பில் எழுதும்படி அமைத்தேன். அடுத்த முறை அணைந்ததும் கோப்பின் கடைசி வரியைத் திறந்து பார்த்தேன்: பிராசசர் 71 டிகிரி, கிராஃபிக்ஸ் கார்டு 68 டிகிரி. இரண்டுமே அபாய எல்லைக்கு வெகு கீழே.

உண்மையான துப்பு கிடைத்தது அணைந்த பின் நடந்ததில்தான். பவர் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் விசிறி ஒரு சுற்றுகூடச் சுற்றாது. சுவர் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மறுபடி போட்டால்தான் உயிர் வரும். மின்னோட்டம் வரம்பை மீறும்போது பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொள்வதன் அடையாளம் அது. அப்படி ஒரு முறை சுவரோரம் குனிந்தபோது, நம் ஊர் உருண்டை முள் சாக்கெட்டில் செருகியிருந்த அடாப்டரின் ஓரம் பழுப்பேறி இருந்ததையும் கண்டேன். உடனே அதைத் தூக்கி எறிந்தேன். கணினி அணைவது அதனால் நிற்கவில்லை என்றாலும், பெரியதொரு விபத்து தப்பியது என்றே நினைக்கிறேன்.

சோதனை மென்பொருளில் பிராசசரையும் கார்டையும் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டியபோது கணினி அணையவே இல்லை. ஆட்டத்திலோ, காட்சி ஏறி முடிந்து மெனு தோன்றும் நொடியில் அணைந்தது. சீரான சுமையை அந்தப் பவர் சப்ளை தாங்கியது. திடீர்த் தாவலைத் தாங்கவில்லை. இத்தகைய கார்டுகள் மில்லி நொடிக் கணக்கில் தமக்குக் குறிக்கப்பட்ட வாட் அளவைப் பெரிதும் தாண்டி மின்சாரம் இழுக்கும். போதாக்குறைக்கு, கார்டின் இரண்டு எட்டு முள் இணைப்புகளுக்கும் ஒரே கேபிளின் இரு தலைகளைச் செருகியிருந்தேன். தனித்தனிக் கேபிள்களாக மாற்றிய பிறகு, தினமும் அணைந்தது வாரம் ஒரு முறையாகக் குறைந்தது. பின்னர் கார்டின் மின் வரம்பை 80 விழுக்காட்டுக்கு, அதாவது 256 வாட்டுக்கு இறக்கி, திரையில் படங்கள் மாறும் பிரேம் வேகத்தையும் நொடிக்கு 120-இல் நிறுத்தினேன். மூன்று வாரங்கள் ஒரு முறைகூட அணையவில்லை. ஒரு ராண்ட் செலவழிக்கும் முன் நோய் இன்னதென்று உறுதிசெய்த இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

2023 செப்டம்பரில் 850 வாட் பவர் சப்ளை ஒன்றை வாங்கினேன். பவர் சப்ளைகளுக்கென 2022-இல் வெளிவந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறைக்கு உட்பட்டதையே தேடி எடுத்தேன். தன் அளவைப்போல் இரு மடங்குச் சுமை 100 மைக்ரோ நொடி வந்தாலும் அணையாமல் தாங்க வேண்டும் என்பது அந்த விதி. வரம்புகளை எல்லாம் நீக்கிவிட்டே விளையாடுகிறோம். வியர்வை வழியும் இரண்டு பிப்ரவரி மாதங்களைக் கடந்தும் அது ஒரு முறைகூடத் தானாக அணையவில்லை. குறை என்றால், புதியதன் கேபிள்கள் தடிமனாக இருப்பதால் பெட்டியின் பக்கவாட்டுக் கதவை முழங்காலால் அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கிறது. பழைய 650 வாட், கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத அக்காளின் கணினியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.