பதற்ற நோய்க்கான இணையவழிச் சிபிடி திட்டம்: ஒரு பயனரின் மதிப்பீடு

மாத்திரையோடு சேர்த்துச் செய்யும்படி என் மனநல மருத்துவர் பரிந்துரைத்த இணையவழிச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை அண்மையில் முடித்தேன். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுக்காக வகுத்து, பின்னர் பதற்ற நோய்களுக்கும் விரிவடைந்த சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சை) முறையை இது வாரப் பாடங்களாகப் பிரித்துத் தருகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் நாம் எழுதும் குறிப்புகளை உளவியல் ஆலோசகர் ஒருவர் படித்துப் பதில் எழுதுகிறார்.

இதன் உயிர்நாடி, அஞ்சுவதை நேரடியாக எதிர்கொள்ளும் பயிற்சிதான். நெஞ்சு படபடத்தாலே மாரடைப்பு என்று நடுங்குபவர், படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்கி அந்தப் படபடப்பைத் தாமே வரவழைக்க வேண்டும். பிறகு உட்காராமல், தண்ணீர் குடிக்காமல், நாடியைப் பிடித்துப் பார்க்காமல், அது தானாகத் தணியும்வரை நிற்க வேண்டும். ஏறுவதற்கு முன் ‘மயங்கி விழுவேன்’ என்பதை எத்தனை சதவீதம் நம்புகிறோம் என்று ஒரு கட்டத்திலும், உண்மையில் என்ன நடந்தது என்று அடுத்த கட்டத்திலும் எழுதுகிறோம். ‘80’ என்று எழுதிய கட்டத்துக்குப் பக்கத்தில் ‘வியர்த்தது, விழவில்லை’ என்று நம் கையாலேயே எழுதுவதற்கு ஈடாக எந்த ஆறுதல் சொல்லும் இல்லை. இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பாடத்தின் தொடக்கத்திலேயே வைத்திருப்பது பொறுப்பான செயல்.

வாரந்தோறும் பதற்றத்தின் அளவை மதிப்பிடும் ஜிஏடி-7 வினாத்தாளை நிரப்புகிறோம். முந்தைய 2 வாரங்களைப் பற்றிய 7 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். 5, 10, 15 ஆகியவை முறையே லேசான, மிதமான, கடுமையான பதற்றத்தின் தொடக்க எல்லைகள். எதிர்கொள்ளும் பயிற்சி தொடங்கிய வாரங்களில் மதிப்பெண் இறங்காமல் ஏறக்கூடும் என்பதைத் திட்டம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். என் வரைபடம் ஏறியபோது ஆலோசகர்தான் விளக்கினார். அந்தப் பதில் வராதிருந்தால் பலர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

என் முக்கியமான குறை வேறு. ‘இப்போது பதற்றமாக இருக்கிறதா?’ என்று நாளுக்குப் பலமுறை செயலி அறிவிப்பு அனுப்புகிறது. உடலை ஓயாமல் கண்காணிப்பதே நோயின் ஒரு பகுதியாக இருப்பவருக்கு இந்தக் கேள்வி நன்மையை விடத் தீங்கையே அதிகம் செய்யும். அதை நிறுத்தும் வசதியோ அமைப்புகளின் உள்ளே தேடிப் பிடிக்கும்படி இருக்கிறது. மூச்சுப் பயிற்சிப் பாடமும் இதே போன்றதுதான். மூச்சை மெதுவாக வெளிவிடுவது உடலைத் தளர்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அஞ்சும் ஒவ்வொரு செயலுக்கு முன்பும் அதைச் செய்யச் சொன்னால், ‘மூச்சுப் பயிற்சி செய்ததால் தப்பித்தேன்’ என்ற எண்ணம் வேரூன்றி, எதிர்கொள்ளும் பாடம் கற்பிப்பதையே அழித்துவிடும்.

மருந்துகளுக்கு ஒரே பக்கம் என்றாலும் தேவையானது இருக்கிறது: பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், அவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது. தற்கொலை எண்ணம் உள்ளவர்களைத் தொடக்கக் கேள்விகளிலேயே கண்டறிந்து, பாடத்துக்குள் விடாமல் நேரடி மருத்துவ உதவிக்கு அனுப்புவதையும் பாராட்ட வேண்டும்.

ஆலோசகர் இல்லாத வடிவமும் கிடைக்கிறது. பதற்றம் லேசாக இருந்து, தாமாகவே பயிற்சியை விடாமல் செய்யக்கூடியவர்களுக்கு அது போதலாம். வீட்டை விட்டு வெளியேறவே தயங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.