செல் சோதனையை வெளியில் கொடுக்கும் ஆய்வு மாணவர்கள் கவனத்துக்கு

மூலிகைச் சாறுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்கள் தாவரவியல் துறையில் செல் வளர்ப்பு வசதி கிடையாது. அதனால் நிலவேம்புச் சாற்றை எம்டிடி சோதனைக்காக (உயிருள்ள செல்கள் மஞ்சள் கரைசலை ஊதாவாக மாற்றும்; அந்த நிறத்தை அளந்து எவ்வளவு செல் பிழைத்தது என்று கணக்கிடுவார்கள்) ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இரண்டு வகைச் செல்களுக்கு 18,000 ரூபாய். உதவித்தொகை வராத மாதத்தில் அண்ணனிடம் கடன் வாங்கிக் கட்டிய பணம்.

பத்தே நாளில் செல்களின் வண்ண நுண்ணோக்கிப் படங்களோடு அறிக்கை வந்தது. மார்பகப் புற்றுச் செல்லான எம்சிஎஃப்-7 சாகிறது, 'சாதாரணக் கல்லீரல் செல்' சாங் லிவர் பிழைக்கிறது என்று போட்டிருந்தார்கள். பூரித்துப்போய்க் கட்டுரை எழுதி அனுப்பினேன். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் மூன்று வரியில் நிராகரித்துவிட்டார்: சாங் லிவர் கல்லீரல் செல்லே அல்ல, ஹீலா. 1951-இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வளர்த்த செல்கள் அவை. மற்ற வளர்ப்புகளில் ஒரு துளி கலந்தாலும் மளமளவென்று பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டான்லி கார்ட்லர் இந்தக் கலப்படத்தை 1966-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார். வாய்ப்புற்று என்று கொடுக்கப்படும் கேபி, குரல்வளைப் புற்று எனப்படும் ஹெப்-2 ஆகியவையும் ஹீலாதான். புற்றோடு புற்றை ஒப்பிட்டுவிட்டு, என் சாறு நல்ல செல்லைக் காப்பாற்றுகிறது என்று எழுதியிருக்கிறேன்.

இதையாவது அறியாமை என்று விட்டிருப்பேன். வேறு கல்லூரியில் ஆவாரம்பூவை ஆராயும் தோழியும் அதே இடத்தில்தான் கொடுத்திருந்தாள். அவளுடைய படத்தின் இடது கீழ் மூலையில் அரைநிலா வடிவில் ஒரு காற்றுக்குமிழி. அதை ஒட்டி மூன்று செல்கள். என் படத்திலும் அதே குமிழி, அதே மூன்று செல்கள்! தொலைபேசியில் கேட்டேன். "அது மாதிரிக்காக வைத்த படம் மேடம்" என்றார்கள். 570 நானோமீட்டர் ஒளியில் எடுத்த மூல நிற அளவீடுகளைக் கேட்டு மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் வந்த அட்டவணையில், சோதனைத் தட்டில் ஒரே அளவு சாறு ஊற்றிய மூன்று குழிகளுக்கும் மூன்றாம் தசமம் வரை ஒரே எண், அட்டவணை முழுக்க. உண்மையாகச் செய்த சோதனையில் அப்படி வரவே வராது.

பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: செல்லை எங்கிருந்து வாங்கினார்கள், புணே தேசிய செல் அறிவியல் மையத்தில் வாங்கியது என்றால் ரசீது எங்கே, டிஎன்ஏவை வைத்து அது எந்தச் செல் என்று உறுதிசெய்யும் எஸ்டிஆர் அடையாளச் சோதனை எப்போது செய்தார்கள், தட்டின் 96 குழிகளின் அளவீட்டையும் அப்படியே தருவார்களா. தவறாக அடையாளம் காணப்பட்ட செல்களின் பட்டியலை ஐசிஎல்ஏசி என்ற பன்னாட்டுக் குழு இலவசமாகவே தருகிறது. முடிந்தால் நேரில் போய், மஞ்சள் கரைசல் ஊதாவாக மாறுவதைக் கண்ணால் பாருங்கள்.

என் பணம் திரும்பவில்லை. அந்த அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிட்டு, ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். வெளியில் கொடுத்து அறிக்கை வாங்கியவர்கள் உங்கள் படத்தின் இடது கீழ் மூலையை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.