பி.ஏ.வில் எது: ஆங்கிலமா, பொருளியலா, வரலாறா?

பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமும் திறந்துவிடுகிறது. கலைப் பிரிவு என்று முடிவு செய்துவிட்டவர்களில் பலர் ஆங்கில இலக்கியம், பொருளியல், வரலாறு என்ற மூன்றுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறார்கள். எனக்கு ஆங்கிலத்திலும் இடம் கிடைத்தது, வரலாற்றிலும் கிடைத்தது. வரலாற்றில் சேர்ந்தேன். இப்போது சித்தி மகள் அதே கேள்வியோடு வந்து நிற்கிறாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் சாய்வு வரலாற்றுப் பக்கம்தான். நடுநிலை வேஷமெல்லாம் போடப் போவதில்லை.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அரசுக் கல்லூரியில் மூன்றுக்கும் கட்டணத்தில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, மூன்றாண்டு சட்டப் படிப்பு, எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். 'இதைப் படித்தால் வேலை, அதைப் படித்தால் இல்லை' என்று உறவினர்கள் சொல்வதில் பாதி காற்றில் போகிற பேச்சு.

ஆசிரியர் வேலை மட்டும் விதிவிலக்கு. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சமூக அறிவியல் நடத்த வரலாறோ புவியியலோ படித்திருக்க வேண்டும். பொருளியல் படித்தவர் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து மேல்நிலை வகுப்புக்குத்தான் போக முடியும். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்ற 'கிராஸ் மேஜர்' சிக்கல் வேறு இருக்கிறது. பி.ஏ. ஒன்று, எம்.ஏ. இன்னொன்று என்று மாற்றிப் படித்துவிட்டு நீதிமன்றம்வரை போனவர்கள் உண்டு. ஆசிரியராவதுதான் குறி என்றால் இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. பத்தொன்பது வயதில், இளங்கலையிலேயே, அந்தப் பாடத்தின் மூலப்பொருளை நீங்கள் தொட்டுப் பார்க்க முடிகிறதா? இல்லை, மற்றவர்கள் அதைப் பற்றி எழுதியதன் சுருக்கத்தை மட்டும் படித்து மூன்று வருடத்தை ஓட்டப் போகிறீர்களா?

ஆங்கில இலக்கியத்துக்கு எப்போதும் கூட்டம். மூன்று வருடத்தில் பிள்ளை சரளமாக ஆங்கிலம் பேசும் என்று வீட்டில் நம்புகிறார்கள். ஆனால் அது பேச்சுப் பயிற்சி வகுப்பல்ல. பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கவிதையில் தொடங்கி நாடகம், விமர்சனக் கோட்பாடு, ஒலியியல், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை என்று விரியும். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு செமஸ்டர் மூச்சு முட்டும். நியாயமாகப் பார்த்தால் மூலப்பொருள் விஷயத்தில் ஆங்கிலம்தான் முதலில் வர வேண்டும். கவிதை கையிலேயே இருக்கிறது, எங்கும் போய்த் தேட வேண்டாம். நடைமுறையில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கைடில் இருக்கும் கதைச்சுருக்கத்தை எழுதியே தேறிவிடலாம், பலரும் அப்படித்தான் தேறுகிறார்கள். கவிதையை வரிவரியாக வகுப்பில் வாசிக்க வைக்கும் ஆசிரியர் கிடைத்தால் கதையே வேறு. தனியார் பள்ளி, மொழிபெயர்ப்பு, பதிப்பகம், விளம்பர எழுத்து என்று வேலைக்கான வழிகளும் இதில் கூடுதல், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொருளியல் பற்றி நான் சொல்வது, விடுதி அறையில் கூட இருந்தவன் படித்ததைப் பார்த்த அளவுக்குத்தான். மூன்றில் மேலே போக மிகத் தெளிவான பாதை உள்ள பாடம் அது. எம்.ஏ. முடித்தால் இந்தியப் பொருளியல் பணித் தேர்வு, ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை என்று தனிக் கதவுகள் இருக்கின்றன. மற்ற இருவருக்கும் அவை திறக்காது. ஆனால் கணக்கு வேண்டும். பிளஸ் டூவில் கணக்கு இல்லாதவரையும் பி.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் பல. எம்.ஏ. நுழைவுத் தேர்வில் வகையீடும் (டிஃபரன்சியேஷன்) அணியும் (மேட்ரிக்ஸ்) கேட்கும்போதுதான் இடிக்கும். மூலப்பொருள்? ஒன்றிய அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புத் தரவுகளைப் பதிவு செய்துகொண்டு யாரும் இலவசமாக இறக்கலாம். என் நண்பனும் இறக்கினான். லட்சக்கணக்கான வரிசைகள், எக்செல் திணறியது. அதைக் கையாளும் மென்பொருளை அவன் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. கணக்கும் கணினியும் பிடிக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பொருளியல் எடுக்கலாம்.

இனி வரலாறு. தமிழ்நாட்டில் இந்தப் பாடத்துக்கு இருக்கும் வசதி மற்ற இரண்டுக்கும் இல்லை. மூலப்பொருள் பஸ் போகிற தூரத்தில், தமிழிலேயே இருக்கிறது. உத்திரமேரூரில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை (ஓலைச் சீட்டுக் குலுக்கல்) கல்வெட்டுகள் கோயில் சுவரில் அப்படியே நிற்கின்றன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது என்று ஊர்ச் சபையின் வாரிய (குழு) உறுப்பினருக்கான தகுதிகள் இரண்டாவதில் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்ததைச் சுவரில் எழுத்துக்கூட்டிப் படிப்பது வேறு அனுபவம்.

எழுத்துக்கூட்டுவது நினைப்பது போல எளிதில்லை. பெரும்பாலும் புள்ளியே இருக்காது; 'க'வா 'க்'கா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி நிற்கும். நடுவில் வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்துகள் புகும். ஆனால் கல்வெட்டு வாசகத்தின் வழக்கமான அமைப்பு பிடிபட்டுவிட்டால் வேகம் வந்துவிடும். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' முடிந்ததும் 'திருமகள் போல' என்று தொடர்ந்தால் முதலாம் ராஜராஜன், 'திருமன்னி வளர' என்றால் ராஜேந்திரன். அப்புறம் ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்தது. பல கல்வெட்டுகளில் கொடுத்தது நுந்தா விளக்குக்கான (அணையா விளக்குக்கான) ஆடுகளாக இருக்கும்; ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ. அவற்றை வாங்கிக்கொள்ளும் இடையர் தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்குக் குட்டியைக் கொண்டு ஈடுகட்டி மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. முதல் கரையாமல் வட்டி மட்டும் வரும் வைப்புநிதி! பொருளியல் நண்பனிடம் இதைச் சொன்னபோது வழக்கமாகக் கிண்டல் செய்கிறவன் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

இதற்குப் பெரிய கருவிகளும் வேண்டாம். மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் பிரதி எடுப்பதென்றால் கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மை ஒற்ற வேண்டும். அதற்கு அனுமதி தேவை, மாணவர்கள் தாமாகச் செய்யக் கூடாது. ஆனால் மாலையில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தாலே மங்கிய எழுத்தும் எழும்பித் தெரியும். வாசிப்பு சரியா என்று பார்க்க, 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பழைய நூலகங்களில் புரட்டலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கோப்புகள் இருக்கின்றன. துறைத் தலைவரின் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. 'ஹிஸ்டரியா?' என்று கேட்பவர்களின் முகம் மூன்று வருடமும் கூடவே வரும். பல வகுப்புகளில் நோட்ஸ் சொல்லிச் சொல்லி எழுத வைப்பதுதான் பாடம். நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி பாடத்திட்டத்துக்கு வெளியே, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரால் நடந்தது. தொல்லியல் பக்கம் போக எம்.ஏ. வேண்டும், அதற்குப் பிறகும் நிரந்தரப் பணியிடங்கள் சொற்பம். கல்வெட்டியலுக்கென்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை இருக்கிறது. அங்கே படித்தவர்களும் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். கூடப் படித்தவர்களில் பலர் கடைசியில் டி.என்.பி.எஸ்.சி. எழுதத்தான் போனார்கள். இந்திய வரலாறும் தமிழ்நாட்டு வரலாறும் அதன் பாடத்திட்டத்தில் இருப்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் வந்தவர்கள் இங்கும் தமிழ் வழியிலேயே பட்டம் முடித்தால் மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமையையும் கோரலாம். பொருளியலைத் தமிழ் வழியில் படித்தாலும் இது உண்டு. ஆங்கில இலக்கியத்தில் அதற்கு வழியில்லை.

சேர்க்கைக்குப் போகும் நாளில் கல்லூரிக் கட்டடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். துறை வராந்தாவில் நிற்கும் இறுதியாண்டு மாணவர்களிடம் 'அண்ணா, உங்க புராஜெக்ட் என்ன தலைப்பு? எங்கே போய்ச் செய்தீங்க?' என்று கேளுங்கள். ஊர் பெயர், கோயில் பெயர், காப்பகத்தின் பெயர் வந்தால் அங்கே வரலாறு எடுங்கள். 'ஜெராக்ஸ் கடையில ரெடியா கிடைக்கும் தம்பி' என்று பதில் வந்தால், நான் இவ்வளவு நேரம் சொன்ன எதுவும் அந்தக் கல்லூரிக்குப் பொருந்தாது. அங்கே ஆங்கிலம் கிடைத்தால் ஆங்கிலமே எடுத்துக்கொள்ளுங்கள்.