ஜெட் படகில் இன்ஜின் சூடேறினால் எங்கே பார்ப்பது? வைமாக்கரீரி ஆற்று அனுபவம்

ஜெட் படகில் டெம்பரேச்சர் முள் ஏறினால், இன்ஜின் மூடியைத் திறப்பதற்கு முன், தண்ணீரைப் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் யூனிட்டைப் பாருங்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அலுமினியப் படகைப் பல கோடைகளாக வைமாக்கரீரி, ரக்காயா ஆறுகளில் ஓட்டி வருகிறேன். பெட்ரோல் வி6 இன்ஜின், பின்னால் ஒற்றை ஜெட். இதுவரை வந்த சூட்டுப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இன்ஜினில் தொடங்கியவையே அல்ல.

இங்குள்ள ஆறுகள் சரளைக்கல் மேல் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும். ஆழம் பல இடங்களில் முழங்காலுக்கும் கீழேதான். புரொப்பெல்லர் வைத்த படகு கல்லில் அடிபடும். அதனால்தான் பில் ஹாமில்டன் 1950களில் இந்தத் தென் தீவில் ஜெட் யூனிட்டை உருவாக்கினார். அடியிலுள்ள கிரில் வழியாக இம்பெல்லர் என்ற சுழலும் இறக்கைச் சக்கரம் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்ச, படகு முன்னே போகிறது. அந்த அழுத்த நீரிலிருந்தே ஒரு ஹோஸ் பிரிந்து வந்து இன்ஜினையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) குளிர்விக்கிறது. ஆற்று நீரை இழுக்கத் தனி பம்ப் என் படகில் கிடையாது. படகைத் தள்ளுவதும் இன்ஜினைக் குளிர்விப்பதும் ஒரே தண்ணீர் என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் சூட்டை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது. ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்), படகின் வேகம், சூடு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் இறங்குகிறது, சூடும் கூடுகிறது என்றால் கிரில்லில் பாசியோ குச்சியோ அடைத்திருக்கும், அல்லது இம்பெல்லரில் கல் மாட்டியிருக்கும். ரிவர்ஸ் போட்டு அதை வெளியேற்ற முடியாது. என் படகில் ரிவர்ஸ் என்பது பின்னால் இறங்கும் பக்கெட் தண்ணீரை முன்பக்கம் திருப்புவது மட்டுமே. இம்பெல்லர் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். பத்திரமான இடத்தில் ஒதுக்கி இன்ஜினை அணைத்தாலே உறிஞ்சல் நின்று பல நேரம் அடைப்பு தானாக விழுந்துவிடும். விழாவிட்டால்தான் கையை விட வேண்டும், அதுவும் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்ட பிறகு.

படகு வழக்கம்போல இழுக்கிறது, வேகத்தில் மட்டும் சூடு ஏறுகிறது என்றால் தண்ணீர் இன்ஜினுக்கு வரும் வழியில் தடை. வடிகட்டி, உள்பக்கம் சுருங்கிய ஹோஸ், சூடானால் திறந்து தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பார்ப்பேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டால் திறக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

எங்கள் ஆறுகளில் இன்னொரு தொல்லை வண்டல். வடமேற்குக் காற்று மலையில் மழையைக் கொட்டினால் ஆறு சாம்பல் நிறமாகிவிடும். அந்த நீரில் ஓட்டினால் நுண்மணல் வடிகட்டியையும் தாண்டி இன்ஜின் பிளாக்கின் அடியில் தங்கும். வடிகால் பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் பிளாக் காலியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். எனக்கு வந்தது கெட்டியான சேறு.

நீண்ட நாள் பயன்பாட்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு. ஒரு சீசனில் மெதுவாகப் போகும்போது மட்டும் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வேகம் எடுத்தால் இறங்கியது. ஒரு பணிமனையில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தண்ணீர் கலந்தால் வரும் பால் நிறம் ஆயிலில் இல்லை, எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருந்தது. மேலும் கேஸ்கெட் கோளாறு என்றால் பளு கூடும்போது சூடும் கூட வேண்டும், இங்கே நேர்மாறு. கிளம்பும்போது முன்பைவிட அதிக ஆர்பிஎம் தேவைப்பட்டதும் அப்போதுதான் உறைத்தது. இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வேர் ரிங்குக்கும் (wear ring, தேய்ந்தால் மாற்றும் வளையம்) நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். சரளையும் மணலும் தேய்த்து, கையேட்டில் சொன்ன அளவைவிட இடைவெளி நன்றாகவே கூடியிருந்தது. குறைந்த வேகத்தில் அழுத்தம் அந்த இடைவெளியில் கசிந்து வீணாகி, இன்ஜினுக்குப் போதுமான தண்ணீர் வரவில்லை. ரிங்கை மாற்றி இம்பெல்லர் விளிம்பையும் சரிசெய்த பிறகு முள் பழைய இடத்துக்கு வந்தது, இழுவையும் திரும்பியது. ஆற்றுப் படகு வைத்திருப்பவர்கள் இந்த இடைவெளியை ஒவ்வொரு குளிர்காலமும் அளந்து எழுதி வைப்பது நல்லது.

மீட்டரையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். விளக்கைப் போட்டதும் முள் குதித்தால் எர்த் இணைப்பில்தான் கோளாறு. தெர்மோஸ்டாட் மூடியில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டி ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

கரையில் ஹோஸ் மாட்டி மணலைக் கழுவும்போது வரிசை முக்கியம். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து உடனே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை மூடிவிட்டு உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது தண்ணீர் மட்டும் போனால், அது எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடலாம்.