கவுன்டர்களுக்கான டோக்கன் கருவி: ஒரு மதிப்புரை

தொடுதிரையும் பிரிண்டரும் சேர்ந்த ஒரு பெட்டி, கவுன்டருக்கு ஒரு அழைப்புப் பொத்தான், தலைக்கு மேல் ஒரு டிஸ்ப்ளே, ஒரு ஸ்பீக்கர், இவற்றை இணைக்கும் மென்பொருள். ஆஸ்பத்திரி, வங்கி, சர்வீஸ் சென்டர் எதுவானாலும் டோக்கன் கருவி என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தத் தொகுப்புதான். நான்கு முதல் பத்து கவுன்டர் வரை உள்ள இடத்தில் இது எப்படி உழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்ப்போம்.

வாங்கலாம், தாராளமாக. ஆனால் கருவியை மாட்டிய மறுநாளே காத்திருப்பு பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேலை செய்யும் கைகளின் எண்ணிக்கையையோ வேகத்தையோ அது கூட்டுவதில்லை. நேரம் உண்மையாகவே குறைவது ஒரே சந்தர்ப்பத்தில்: கவுன்டருக்கு ஒரு வரிசை என்று பிரிந்து நின்றவர்களை ஒரே வரிசையாக்கும்போது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 1909-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் டென்மார்க் கணித அறிஞர் எர்லாங் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு, அதாவது காத்திருப்பைக் கணக்கிடும் கணிதம், இங்கே அப்படியே பொருந்தும். ஒரு ஆளைக் கவனிக்கச் சராசரியாக 5 நிமிடம், ஊழியர் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் வரும் நேரமும் வேலையின் நீளமும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி மாறுகின்றன. இரண்டு கவுன்டருக்குத் தனித்தனி வரிசை என்றால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். அதே ஊழியர்கள், அதே கூட்டம், ஆனால் பொது வரிசை என்றால் 9 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. ஒருவர் கை காலியாக இருக்கும்போது பக்கத்து வரிசையில் ஆள் காத்துக் கிடப்பது நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

இந்த லாபத்தைப் பல இடங்களில் முதல் நாளே தொலைத்துவிடுகிறார்கள். தொடுதிரையில் பத்துப் பன்னிரண்டு சேவைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் டோக்கன் எண்ணின் முன்னால் தனி எழுத்து (A, B என்று), தனி கவுன்டர் என்று பூட்டிவிடுவார்கள். பழையபடி தனி வரிசைகள்தான். போதாததற்கு ஜனங்கள் தவறான பொத்தானை அழுத்துவார்கள். முதல் திரையில் நான்கைந்து தேர்வு போதும். ஒரே ஊழியர் செய்யக்கூடிய வேலைகளை ஒரே எழுத்தின் கீழ் சேர்த்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பெட்டி அருகே ஒருவரை நிறுத்துவது அவசியம்.

கருவிக்குக் கருவி தரம் பிரிவது 'மாற்று' பொத்தானில். ஒரு கவுன்டரில் படிவம் சரிபார்த்து, பணம் கட்ட அடுத்த கவுன்டருக்கு அனுப்பும்போது, அந்த டோக்கன் முதலில் எடுத்த நேரத்தோடு போகிறதா, புதிதாக எடுத்ததுபோல வரிசையின் கடைசிக்குப் போகிறதா? மலிவான பல மென்பொருள்கள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. அரை மணி நேரம் காத்திருந்தவர் திரும்பவும் வாலில் நிற்பார். சண்டை கவுன்டரில் வெடிக்கும். டெமோவில் கட்டாயம் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

முன்னுரிமை வரிசையும் இப்படித்தான். முதியோர், மாற்றுத்திறனாளிகள் வரிசை காலியாகும்வரை பொது வரிசையைத் தொடாத கருவி, கூட்ட நாளில் பொது வரிசையை அப்படியே உறைய வைத்துவிடும். இத்தனை முன்னுரிமை டோக்கனுக்கு ஒரு பொது டோக்கன் என்று விகிதம் வைக்கும் வசதி வேண்டும். அழைத்தும் வராதவர்களுக்கு, சுமார் 20 விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று முறை அழைத்தபின் டோக்கனை ஒதுக்கி வைத்து, ஆள் திரும்பி வந்தால் மீண்டும் அழைக்க முடிய வேண்டும். கழிப்பறைக்குப் போய் வந்தவர் புது டோக்கன் எடுக்க வேண்டும் என்பது கொடுமை.

சில கருவிகள் டோக்கனிலேயே காத்திருக்கும் நேரத்தை அச்சிடுகின்றன. நல்ல வசதி, எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் மனம் அடங்கும். ஆனால் எண் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி இதைச் சோதிக்க உதவும்: வரிசையில் இருப்பவர்களை மணிக்கு முடித்து அனுப்பும் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருப்பு கிடைத்துவிடும். 36 பேர் காத்திருக்கிறார்கள், நான்கு கவுன்டர் சேர்ந்து மணிக்கு 48 பேரை முடிக்கிறது என்றால் 45 நிமிடம். நிறுவும்போது ஆறு கவுன்டர் என்று பதிந்துவிட்டு, இரண்டு பூட்டிக் கிடப்பதைக் கவனிக்காத மென்பொருள் 30 நிமிடம் என்று அச்சிடும். பொய்யான நேரம் போடுவதைவிட அந்த வரியையே எடுத்துவிடலாம்.

இந்தக் கருவியின் முழு மதிப்பும் அறிக்கைகளில்தான் இருக்கிறது, ஏமாற்றமும் அங்கேதான். திரையில் பெரிதாக வருவது நாள் சராசரி. 100 பேரில் 80 பேர் 8 நிமிடம், 20 பேர் 50 நிமிடம் காத்திருந்தால் சராசரி 16 நிமிடம் சொச்சம். பார்க்க நன்றாக இருக்கும். அந்த 20 பேர் காணாமல் போய்விடுவார்கள். அரை மணிக்கு ஒரு வரி என்ற பிரிப்பும், பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் அழைக்கப்பட்டார்கள் என்ற எண்ணும் இல்லாத அறிக்கையை நம்பி ஆள் போட முடியாது. பொறுமை இழந்து எழுந்து போனவர்களைக் கணக்கில் சேர்க்கிறதா என்றும் பாருங்கள். அவர்களை விட்டுவிட்டால், கூட்டம் தாங்காமல் ஆட்கள் ஓடிய நாள்தான் சிறந்த நாளாகத் தெரியும். டோக்கன் எடுக்கவே பெட்டி முன்னால் நின்ற நேரம் எந்த அறிக்கையிலும் வராது.

இன்னொன்று, மேலாளர்கள் காதில் விழ வேண்டியது. சேவை நேரத்தை வைத்து ஊழியரை மதிப்பிட ஆரம்பித்த உடனே, முன்னால் இருப்பவர் எழுவதற்குள் 'முடிந்தது' அழுத்தப்படும். அடுத்தவர் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். தரவும் கெட்டது, கவுன்டரும் கெட்டது. எந்த அரை மணிக்கு எத்தனை கவுன்டர் திறப்பது என்று முடிவெடுக்க மட்டும் அந்த எண்களைப் பயன்படுத்துங்கள்.

வன்பொருளில் பெரிய வம்பில்லை. அடிக்கடி வரும் புகார் 'பிரிண்டர் வெறும் தாளைத் தள்ளுகிறது' என்பது. தெர்மல் தாளில் ஒரு பக்கம்தான் சூட்டுக்குக் கறுக்கும். நகத்தால் வேகமாகக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம் அச்சுத் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். 80 மீட்டர் ரோலில் 10 செ.மீ. டோக்கன் 800 வரும். லோகோவும் விளம்பரமும் சேர்த்து நீளத்தை 16 செ.மீ. ஆக்கினால் 500-தான், உச்ச நேரத்தில் ரோல் தீரும். டிஸ்ப்ளேயில் கடைசியாக அழைத்த நான்கைந்து எண்களாவது நிற்க வேண்டும். இரண்டு கவுன்டர் ஒரே நேரத்தில் அழைத்தால் அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும்.

டெமோ முடியும்முன் இணையக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளேயே இயங்கும் சர்வர் உள்ள கருவி கண்டுகொள்ளாமல் அழைத்துக்கொண்டே இருக்கும். வெளியே உள்ள சர்வரை மட்டும் நம்பியது உறைந்துவிடும். இணைப்பு திரும்பியதும் எண் 1-லிருந்து தொடங்கினால், கையில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் வரிசை போச்சு. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். நல்ல கருவியானாலும் பெட்டிக்கும் சர்வருக்கும் யு.பி.எஸ். போட்டு, மேசை இழுப்பறையில் எண் அச்சிட்ட அட்டை ஒரு கட்டு வைத்திருங்கள்.