சித்தப்பாவின் பழைய வைத்தியசாலைத் துண்டு

நல்லூர்த் திருவிழாவுக்காக 2025 ஓகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போனேன். சித்தப்பா கொழும்புக்கே வந்து, வெள்ளவத்தையில் என்னோடு நான்கு நாள் தங்கி, வடமராட்சிக்கு அழைத்துப் போனார். வீடு சேர்ந்த மூன்றாம் நாள் அவருக்குக் கடும் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் உளைவு.

பக்கத்துத் தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். எலிக்காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். பரிசோதனை 'பொசிட்டிவ்' என்று மாலையிலேயே தாள் வந்துவிட்டது. சித்தி அழத் தொடங்கிவிட்டார். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போன நாட்களில், சித்தப்பாவும் அதே நோயால் வார்டில் கிடந்து தப்பியவர்.

அரச வைத்தியசாலையில் அந்தத் தாளைக் கண்ட இளம் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, இது உங்களுக்கு முன்பு வந்ததா?" சித்தி காணி உறுதியோடு பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த பழைய துண்டை எடுத்துக் கொடுத்தார். "அண்மையில் வயலில் இறங்கினீர்களா?" என்றார் அடுத்து. எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் தொற்றும் நோய் அது. ஓகஸ்டில் எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும். மாரி மழையை நம்பிய ஒரு போகம்தான் எங்களுக்கு.

பிறகு எனக்கு விளக்கினார். கிருமி அழிந்த பின்னும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் இரத்தத்தில் நிற்கும். அவற்றில் புதிய தொற்றின் அடையாளமாகக் கொள்ளப்படும் ஐ.ஜி.எம். வகைகூடச் சிலருக்குப் பல மாதங்கள், ஆண்டுக்கு மேலும் மறையாது. ஆகவே ஒரே ஒரு 'பொசிட்டிவ்' இன்றைய நோயையும் காட்டலாம், போன மாரியின் நோயையும் காட்டலாம். மறுபக்கம், காய்ச்சலின் முதல் நாட்களில் புதிய நோயாளிக்கு அதே பரிசோதனை 'நெகட்டிவ்' ஆகவும் வரும். எதிர்ப்புப் புரதம் தென்படவே ஐந்தாறு நாள் செல்லும்.

அதற்காக அவர் எலிக்காய்ச்சலைத் தள்ளிவிடவில்லை. சந்தேகம் இருக்கும்வரை மருந்தைத் தாமதிக்கக் கூடாது என்று அன்டிபயோட்டிக் தொடங்கினார். கூடவே டெங்குக்கான என்.எஸ்.1 பரிசோதனைக்கும் அனுப்பினார். அது டெங்கு. வெள்ளவத்தை நுளம்பு செய்த வேலையாக இருக்கும். மறுநாளிலிருந்து, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. சித்தப்பா குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் தாதியர் இரவெல்லாம் அளந்து எழுதினார்கள். ஒரு சதமும் வாங்காத அந்த வார்டை நான் மறக்கமாட்டேன்.

தனியார் ஆய்வுகூடத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. முன்பு இந்நோய் வந்ததா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். தாளின் அடியில் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். அதை மட்டும் நம்பி வீட்டில் மாத்திரை விழுங்கிக்கொண்டு இருந்திருந்தால், டெங்கின் ஆபத்தான நாட்கள் எங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும்.

முதல் நாள் எடுத்த இரத்தத்தோடு, இரண்டு வாரம் கழித்து எடுத்ததையும் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உயிருள்ள கிருமியோடு இரத்த நீரைக் கலந்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புதிய தொற்றென்றால் இரண்டாவது மாதிரியில் எதிர்ப்புப் புரதத்தின் அளவு நான்கு மடங்காவது ஏறியிருக்க வேண்டும். நான் ரொறன்ரோ திரும்பிய பிறகு சித்தி முடிவைப் படம் பிடித்து அனுப்பினார். இரண்டிலும் ஒரே அளவு. அந்தத் தாளும் இப்போது பழைய துண்டோடு உறுதிப் பொலித்தீனுக்குள் இருக்கிறது.