பவுண்டரி மணல் சுவர்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

பவுண்டரி, அதாவது இரும்பு வார்க்கிற பட்டறை, கழித்துப் போட்ட மணலைக் கலந்து கட்டிய காம்பவுண்டு சுவருக்குப் போன வாரம்தான் மூன்றாவது தடவையாகப் பெயிண்ட் அடித்து முடித்தேன். கையில் ஒட்டிய பெயிண்ட் போவதற்குள் சின்ன மச்சான் போன் செய்கிறான்: "மாமா, பவுண்டரி மணலு நல்லாத்தான இருக்குது? நானும் ஒரு லோடு எறக்கட்டுமா?"

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கருமணலை விளக்க வேண்டியதில்லை. பம்பு, மோட்டார் பாகங்கள் வார்க்கிற பவுண்டரிகளில் சிலிக்கா மணலோடு பென்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் சேர்த்து அச்சு பிடிப்பார்கள். உருக்கிய இரும்பு பட்டுப் பட்டுக் களிமண் வெந்து ஒட்டும் குணம் போனதும் வெளியே கொட்டிவிடுவார்கள். எனக்கு மணல் இலவசம், லாரி வாடகை மட்டும்தான். வார்ப்புக்குள்ளே துளை விடுவதற்காகப் பிசின் போட்டுக் கெட்டியாக்கிய கோர் மணல் கட்டிகள் நெடி அடித்தன. அவற்றை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கட்டு வேலைக்கு மூன்று சட்டி மணலில் ஒன்று கருமணல், பூச்சுக்கு நான்கில் ஒன்று. மீதி எம்-சாண்ட், கல்லை உடைத்துச் செய்கிற மணல். கான்கிரீட் பக்கமே கொண்டு போகவில்லை. மேஸ்திரி முதல் நாளே முகம் சுளித்தார். களிமண்ணும் தூளும் தண்ணீரைக் குடித்துவிடுவதால் கலவை இறுகிக்கொண்டே வரும், சித்தாள் இன்னொரு குடம் ஊற்றுவார், சிமெண்டு வலு அங்கேயே போய்விடும். ஆகவே டிரம்மில் போட்டு அலசினோம். மை மாதிரி தண்ணீர் வந்தது. அலசிய பிறகு, சும்மா சொல்லக் கூடாது, கரண்டி வழுக்கிக்கொண்டு போனது. பொடி மணல் என்பதால் பூச்சு அவ்வளவு நைஸ். இன்றைக்கும் ஆணி அடித்தால் ஆணிதான் வளைகிறது. ஒரு விரிசல்கூட இல்லை.

ஆனால் அந்தத் துருப் புள்ளிகள்!

வார்க்கும்போது சிந்துகிற இரும்பு மணிகள் மணலிலேயே தங்கிவிடும். பூச்சின் மேல்தோலுக்கு அருகில் ஒன்று மாட்டினால் போதும், மழை ஈரத்தில் துரு பிடித்து ஊதும். துரு இரும்பைவிடப் பெரிய இடம் கேட்கும். அதனால் மேலே இருக்கிற பூச்சைக் காசு அளவுக்குச் சில்லாகப் பெயர்த்துத் தள்ளும். கீழே வெற்றிலை எச்சில் துப்பியது போல ஒரு கறை வழியும். எண்ணிப் பார்த்தேன், இந்த ஐப்பசியில் நாற்பத்தொன்று. சுரண்டி, பட்டி வைத்து, பிரைமர் அடித்தால் அடுத்த வருடம் பக்கத்தில் இன்னொன்று.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்றும் மேற்குப் பாதியில்தான். கிழக்குப் பாதிக்கான முதல் லோடைச் சலித்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி மணலுக்குள் இழுத்தோம். ஒவ்வொரு இழுப்புக்கும் முள்ளம்பன்றி மாதிரி இரும்பு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது லோடு வந்த அன்று மழை மூட்டம். "போதும், பூசுங்க" என்று சொன்னது நான்தான். மேஸ்திரி இல்லை, மணலும் இல்லை.

தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. வாசல் பக்கம் மேற்கு, வருகிறவர்கள் பார்ப்பது அந்தப் பாதியைத்தான். மூன்று தடவை பெயிண்டுக்குக் கொடுத்ததைக் கூட்டினால் மணலில் மிச்சம் பிடித்தது எப்போதோ கரைந்துவிட்டது. மச்சானிடம் "வேண்டவே வேண்டாம், பேசாம எம்-சாண்டே வாங்கு" என்று சொல்லிவிட்டேன்.

"சரிங்க மாமா. அந்தக் காந்தம் வீட்லதான் இருக்குதுங்களா?" என்கிறான்.